கையும் கரண்டியும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பத்தார் ஒருவர் இல்லத் திருமண விருந்தில் யானும் ஒருநாள் அமர்ந்திருந்தேன். பட்டு வாங்க வந்திருந்த வெளிநாட்டார் ஒருவரும் அப்பந்தியில் இருந்தார். குழம்பு கலந்த சோற்றை அவர் விரல்களால் எடுக்க முயன்றார். பாதி வாய்க்குச் சென்றது. பாதி மடியில் விழுந்தது. எதிர்வரிசையில் இருந்த சிறுவர் சிலர் வாய்விட்டு நகைத்தனர். விருந்தினர் முகம் சிவந்தது. மணமகளின் பாட்டியார் உள்ளே சென்று கரண்டி ஒன்றைக் கொணர்ந்து, ஒன்றும் பேசாமல் அவர் இலையருகே வைத்தார்.

சில திங்கள் கழிந்தன. அன்று நகைத்த சிறுவருள் ஒருவன் என்னிடம் வந்தான். சென்னையில் பெரிய உணவு விடுதி ஒன்றில் முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் தான் திகைத்ததையும், அடுத்த மேசையினர் தன்னைப் பார்த்துச் சிரித்ததையும் கூறினான். "ஐயா, கையால் உண்பது நாகரிகம் அன்றோ?" என்று வினவினான்.

மாணவர்களே! இவ்வினா உங்களுக்கும் எழலாம். ஆகவே இதனைச் சிறிது ஆராய்வோம்.

பல்லவர் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், சீனத் துறவியாகிய யுவான் சுவாங் நம் காஞ்சிக்கு வந்தார். இந்திய நாட்டு மக்களின் உணவு முறையைப் பற்றி அவர் தம் பயண நூலில் எழுதியுள்ளார். உண்பதற்கு முன் உடலைத் தூய்மை செய்துகொள்ளுதல், எஞ்சியதை மீண்டும் பரிமாறாமை, ஒருமுறை பயன்படுத்திய மண்கலத்தை எறிந்துவிடுதல், உண்டபின் பல் துலக்கிக் கை கழுவுதல் ஆகியவற்றை அவர் குறித்துள்ளார். இம்மக்கள் விரல்களால் உண்கின்றனர் என்றும், நோயுற்றபோது மட்டும் செப்புக் கரண்டியைக் கொள்கின்றனர் என்றும் கூறுகின்றார். அவரோ இரு குச்சிகளால் உண்ணும் நாட்டிலிருந்து வந்தவர். எனினும் தம் வழக்கத்தினின்று வேறுபட்டது என்பதற்காக நம் வழக்கத்தை அவர் இகழ்ந்தாரில்லை. இம்மக்களின் தூய்மை பிறர் வற்புறுத்தலால் வந்ததன்று என்று பாராட்டினார்.

ஐரோப்பியரும் முற்காலத்தில் விரல்களாலேயே உண்டனர். ஆங்கிலேயராகிய தாமசு கோரியட் என்பார் 1608ஆம் ஆண்டில் இத்தாலியில் முள்கரண்டியைக் கண்டு, 1611ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அதனைப் பற்றி எழுதினார். பொதுத் தட்டிலுள்ள இறைச்சியைப் பலரும் தொடுவதை இத்தாலியர் விரும்புவதில்லை. எல்லார் விரல்களும் ஒன்றுபோல் தூயன அல்ல என்பதே அதற்குக் காரணம் என்றார். அவர் தாய்நாட்டில் முள்கரண்டியைக் கையாண்டபோது நண்பர்களே அவரை எள்ளினர். பின்னர் நம் நாட்டுக்கு வந்த அவர் 1617ஆம் ஆண்டில் சூரத்து நகரில் இறந்தார்.

இதனால் ஓர் உண்மை விளங்கும். உண்ணும் கருவி உணவைப் பொறுத்தே அமைகின்றது. பெருந்துண்டாகச் சமைத்த இறைச்சியை அறுத்து உண்பார்க்குக் கத்தியும் முள்கரண்டியும் வேண்டும். சமையலறையிலேயே சிறு துண்டுகளாக நறுக்கிவிடும் சீனர்க்குக் குச்சிகள் போதும். நமக்கோ ஆளுக்கு ஓர் இலை. சோற்றையும் குழம்பையும் பிசைந்து கலக்க வேண்டும். தறியில் இழையின் நயத்தை விரல்நுனியால் அறியும் நெசவாளர், சோற்றின் சூட்டையும் பதத்தையும் அவ்விரல்நுனியாலேயே அறிகின்றார். இவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது?

கையால் உண்பதற்கும் ஒழுங்கு உண்டு. வலக்கையால் உண்ணுதல், உள்ளங்கையில் படாமல் விரல்களால் எடுத்தல், பந்தியில் பிறர் உண்டு முடிக்கும்முன் எழாதிருத்தல் ஆகியன நம் வழக்கம். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் அருகருகே சேர்த்து வைத்தால், உண்டு முடித்தாயிற்று என்பது ஐரோப்பியர் குறிப்பு. சோற்றில் குச்சிகளை நேராக நட்டு வைப்பது சப்பானியர்க்கு ஆகாது. இறந்தார்க்குப் படைக்கும் முறை அது. நம் ஆசாரக்கோவையும் உண்ணும் முறையை விரித்துரைக்கின்றது. நின்றும் கிடந்தும் உண்ணலாகாது என்று கூறும் அந்நூல், விருந்தினர்க்கும் முதியோர்க்கும் பிள்ளைகட்கும் அளித்த பின்னரே உண்ணவேண்டும் என்கின்றது. உடன் இருப்பவரை மதித்தலே இவ்விதிகள் பலவற்றுக்கும் உயிராகும்.

அம்மதிப்பு இல்லாத இடத்தில் கரண்டியும் காப்பாற்றாது. கனடாவின் மாண்ட்ரியல் பகுதிப் பள்ளி ஒன்றில் 2006ஆம் ஆண்டில், பிலிப்பைன்சு குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தன் நாட்டு வழக்கப்படி முள்கரண்டியால் உணவைத் தள்ளிக் கரண்டியால் உண்டான். அதற்காகவே அவன் கடிந்துகொள்ளப்பட்டான். வழக்கு நடந்தது, 2010ஆம் ஆண்டில் மனித உரிமைத் தீர்ப்பாயம் அக்குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

பிறரை மட்டும் குறை கூறி நாம் அமைதல் ஆகாது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகமெங்கும் பெரும் பூசல் எழுந்தது. அங்கே எல்லாரும் கையாலேயே உண்டனர். எனினும் ஒருவர் அருகில் ஒருவர் அமரவில்லை. பந்தியில் மனிதரைப் பிரித்து வைப்பதைவிடப் பெரிய பண்பின்மை யாது? கரண்டி பிடிக்கத் தெரியாமை சிறு குறை. சில நாட் பயிற்சியில் நீங்கிவிடும். உடன் உண்ண மறுக்கும் உள்ளமோ எளிதில் திருந்துவதன்று.

அச்சிறுவனுக்கு யான் கூறிய விடை இதுவே: "தம்பி, கையைத் தூயதாகக் கழுவி, நாணாமல் உண். முள்கரண்டி பிடிக்கவும் கற்றுக்கொள். அயலார் வீட்டில் அவர் முறைப்படி உண்பது அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்க்கு நாகரிகம் தெரியவில்லை. ஆனால் அன்று திருமணப் பந்தியில் சிரித்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்." அவன் தலை கவிழ்ந்தான். சிறிது பொழுது கழித்து, "அந்தப் பாட்டியாருக்குத்தான் தெரிந்திருந்தது, ஐயா" என்றான்.

மாணவர்களே! கையால் உண்பினும் கரண்டியால் உண்பினும், அருகில் இருப்பவர் முகம் வாடாமல் உண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்.