நாங்கள் கண்ட படங்களும் எங்கள் அபிப்பிராயமும்

சினிமா என்ற சொல்லே பள்ளி மலருக்குப் பொருந்தாது என்று எண்ணுவோர் இருக்கக் கூடும். 'நூலகத்தின் பயன்' என்றோ 'நேரம் தவறாமை' என்றோ எழுதியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆயினும் எங்கள் வயதுப் பெண்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் நூலகத்தில் இருக்கிறோம், எத்தனை மணி நேரம் திரையின் முன் இருக்கிறோம் என்பதை வீட்டில் உள்ளோர் நன்கு அறிவர். பார்க்காதது போல் இருந்துவிடுவதை விட, பார்த்ததைப் பற்றி மனம் விட்டுப் பேசுவதே முறை என்று பதினோராம் வகுப்பைச் சேர்ந்த நாங்கள் ஐவர் துணிந்தோம். ஐவரின் கருத்தும் ஒன்றல்ல. வேறுபட்ட இடங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

எங்களுள் நால்வரின் தாயார் பனியன் கம்பெனிக்குச் செல்பவர்கள். ஒருவர் ஓவர்லாக் தைப்பவர், ஒருவர் கைமடி, இருவர் செக்கிங். ஐந்தாமவளின் தந்தை சிறிய அளவில் பவர் டேபிள் வைத்திருக்கிறார். ஆர்டர் மிகுந்த காலத்தில் ஒன்றரை ஷிப்டு ஓடி, சனிக்கிழமை இரவு சம்பளத்துடன் வீடு திரும்பும் எங்கள் அன்னையருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். துணி துவைத்து, கறி வாங்கிச் சமைத்து, அதன் பின் மிஞ்சும் பொழுதில்தான் படம்.

இதை இங்கே கூறக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட வீட்டில் அமர்ந்து படம் பார்க்கும்பொழுது, கதாநாயகன் எத்தனை பேரை அடித்து வீழ்த்தினான் என்பதை விட வேறு சில கேள்விகள் எங்களுக்கு எழுகின்றன. இந்தப் பெண் காலையில் எழுந்து எங்கே போகிறாள்? அவள் கையில் காசு உண்டா? முதல் காட்சியில் புத்தகமும் கையுமாக வந்தாளே, அந்தப் படிப்பு என்ன ஆயிற்று? எல்லோரும் கூடி அவளைப் பற்றி முடிவெடுக்கிறார்களே, அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பெரும்பாலான படங்களில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. கிடைத்த சில படங்களையும், கிடைக்குமென்று எதிர்பார்த்து ஏமாந்த படங்களையும் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் 'அங்காடித் தெரு'. 2010 இல் வசந்தபாலன் இயக்கத்தில் வந்த படம். வசனம் எழுதியவர் எழுத்தாளர் ஜெயமோகன். நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலத்துப் படமாயினும், தொலைக்காட்சியில் போட்டபொழுது அனைவரும் பார்த்தோம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பையன் தந்தை இறந்துவிட்டதால் படிப்பை விட்டு, சென்னை ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறான். அங்கே அவனைப் போல் ஊர் விட்டு வந்த எத்தனையோ பேர். காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை. நாம் இங்கே தைத்து மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பும் துணியை, அங்கே பிரித்துக் காட்டி விற்பவர்களின் வாழ்க்கை அது. ஆகவே எங்கள் வீட்டில் ஒருவரும் இடையில் எழுந்து போகவில்லை. படத்தில் பெண்கள் கால் வலியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயார், "ஏங்கண்ணு, நானுந்தான் பத்து வருசமா செக்கிங் டேபிள்ல நின்னுட்டே இருக்கறேன். என்னைய ஆரு படம் புடிச்சாங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு குறை உண்டு. இறுதியில் கனி என்ற அந்தப் பெண்ணின் கால்களை விபத்தில் பறித்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் நிற்பதே போதுமான துயரம் அல்லவா? லாரி வந்து மோதினால்தான் பார்ப்பவர் அழுவார்கள் என்று இயக்குநர் ஏன் நினைத்தாரோ தெரியவில்லை. இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். கடைகளில் வேலை செய்வோர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 இல் திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018 இல் வந்துவிட்டது. தொழிற்சாலைகளுக்கோ 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்வோர் இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை அந்தத் தாயாரிடம் கூறினோம். "உக்காந்தா பீஸ் ஆரு பாக்கறது?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்தது 'குடும்பஸ்தன்'. 2025 ஜனவரியில் வெளிவந்தது. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கி, மணிகண்டன் நடித்த படம். கோயம்புத்தூரில் நடக்கும் கதையாதலால் நம் கொங்குப் பேச்சைக் காது குளிரக் கேட்டோம். மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும்தான் சினிமாவுக்கு உரியவை என்றிருந்த நிலையில், நம் வீட்டு 'ஏனுங்க'வும் 'வாங்கோ'வும் திரையில் ஒலித்தது மகிழ்ச்சியே. இப்படத்தில் காசுக்குக் கணக்கு உண்டு. வேலை போன கணவன் அதை வீட்டில் மறைத்து, கடனுக்கு மேல் கடன் வாங்கித் திணறுவதை வயிறு குலுங்கச் சிரிக்கும்படி காட்டியிருக்கிறார்கள். சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. மாதக் கடைசியில் எங்கள் வீடுகளிலும் கேட்கும் பேச்சுத்தான் அது.

ஆனால் வெண்ணிலாவைப் பற்றிக் கேட்கவேண்டும். கலப்பு மணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கு வந்த அவள், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்க விரும்புபவள். அவள் படிப்பு கதையின் ஓரமாகவே நின்றுவிடுகிறது. கணவனின் கடன் எவ்வளவு என்பது எங்களுக்கு மனப்பாடமாயிற்று. வெண்ணிலா என்ன பாடம் படித்தாள், எந்தப் புத்தகம் வாங்கினாள் என்பது தெரியவில்லை. இது பெரிய குற்றமா என்று எங்களுள் ஒருத்தி வாதாடினாள். படத்தின் பெயரே 'குடும்பஸ்தன்' என்றுதானே இருக்கிறது, 'குடும்பத் தலைவி' என்று இல்லையே என்பது அவள் கட்சி. அதுவும் சரிதான்.

இனி 'கொட்டுக்காளி'. எங்களுக்குள் மிகுந்த சச்சரவை உண்டாக்கிய படம் இதுவே. இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜ், இதற்கு முன் எடுத்த 'கூழாங்கல்' படத்துக்காக 2021 இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் முதற் பரிசு பெற்றவர். 'கொட்டுக்காளி' 2024 இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் இங்கு வெளியாயிற்று. பின்னணி இசை அறவே கிடையாது. பாட்டுக்கென்று ஒரு காட்சியும் இல்லை. மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்பியதால், அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஆட்டோவில் ஏற்றி, ஒரு சேவலையும் எடுத்துக்கொண்டு, சாமியாடி ஒருவரிடம் அழைத்துப் போகிறார்கள். கதை அவ்வளவே. வழியெல்லாம் உறவினர் பேசிக்கொண்டே வருகின்றனர். மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. இதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "படம் ஓடக் காணோம், ஆட்டோ மட்டுந்தான் ஓடுது" என்றார். அக்கம்பக்கத்தார் அரை மணி நேரத்தில் எழுந்து போயினர்.

நாங்கள் மூவர் இறுதி வரை பார்த்தோம். சொல்லப் போனால், மறுபடியும் பார்த்தோம். வழியில் ஒலிபெருக்கியில் பாட்டு ஒன்று கேட்கிறது. மீனா தன்னை மறந்து அதை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், அவளை மணக்கவிருக்கும் முறைமாமன் பாண்டி வெறி கொண்டு அவளையும் தடுக்க வந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறான். நடிகர் சூரியைச் சிரிப்பு நடிகராகவே அறிந்திருந்த எங்களுக்கு அக்காட்சி நடுக்கத்தைத் தந்தது. பாட்டு முணுமுணுத்ததற்கு அடியா என்று கேட்கலாம். பாட்டு முணுமுணுத்தால் "யாரை நெனச்சுப் பாடற?" என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? அதே படத்தில் இன்னொரு காட்சி. பாதையை மறித்து ஒரு காளை நிற்கிறது. ஆட்டோவிலும் வண்டியிலும் வந்த ஆண்கள் அருகில் போக அஞ்சி நிற்கின்றனர். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறாள். பாண்டியின் முறுக்கிய மீசைக்கு அந்தச் சிறுமி சொன்ன பதிலை எந்த வசனமும் சொல்லியிருக்க முடியாது.

ஆயினும் எங்களுள் இருவருக்கு இப்படம் பிடிக்கவில்லை. அவர்கள் கூறும் நியாயத்தையும் எழுதுகிறோம். கோடை விடுமுறையில் அவர்களும் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனவர்கள். நாள் முழுதும் இயந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருபவருக்கு, துயரத்தையே மீண்டும் காட்டினால் எப்படி? அவர்களுக்குப் பாட்டு வேண்டும், நடனம் வேண்டும், கெட்டவன் அடி வாங்கவேண்டும். அதைக் குறை கூற எங்களுக்கு வாய் வரவில்லை. ஓய்வு நேரத்தில் எதைப் பார்ப்பது என்பதையாவது அவரவர் முடிவு செய்யலாம் அல்லவா?

கடைசியாக, ரவிக்கையைப் பற்றிய இரண்டு படங்கள். துணி தைக்கும் ஊரில் பிறந்த எங்களுக்கு இவை இரண்டும் ஒன்றாகக் கண்ணில் பட்டது தற்செயலே.

1979 இல் வந்தது 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'. தேவராஜ்-மோகன் இயக்கியது. சூலூர்ப் பக்கத்துச் சிவகுமாரின் நூறாவது படம். தயாரித்தவரும் நம் ஊர்க்காரரே, திருப்பூர் மணி. எங்களுள் ஒருத்தியின் அப்பத்தா அதை வெளியான காலத்திலேயே கொட்டகையில் பார்த்தவர். ரவிக்கை அணியும் வழக்கமில்லாத கிராமத்துக்கு, நாகரிகம் விரும்பும் மருமகள் வருகிறாள். அவள் உடுப்பு ஊர்ப் பேச்சாகிறது. முடிவில் குடும்பம் சிதைந்து, அப்பாவிக் கணவன் உயிரை விடுகிறான். அப்பத்தா இப்பொழுதும் அந்தக் கணவனுக்காகவே வருந்துகிறார்.

2025 டிசம்பரில் வந்தது 'அங்கம்மாள்'. விபின் ராதாகிருஷ்ணன் இயக்கியது. கொங்கு நாட்டு எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'கோடித்துணி' என்ற சிறுகதையைத் தழுவியது. கீதா கைலாசம் அங்கம்மாளாகவே வாழ்ந்திருக்கிறார். ரவிக்கை அணிந்தே பழகாத தாய் அவள். பாடுபட்டு மகனை மருத்துவம் படிக்க வைத்துவிட்டாள். இப்பொழுது பெண் வீட்டார் வரப்போகிறார்கள். தாய் ரவிக்கை போடாமல் இருப்பது மகனுக்கு அவமானமாக இருக்கிறது. அவனைப் படிக்க வைத்த உழைப்பு அவமானமாகத் தெரியவில்லை, தோள் தெரிவதுதான் தெரிகிறது.

முதற்படத்தில் ரவிக்கை போட்டவள் குற்றவாளி. இரண்டாவதில் போடாதவள் குற்றவாளி. 46 ஆண்டுகள் இடைவெளி. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் அடியும் உதையும் பட்டுப் போராடி, 1859 இல் அரச ஆணை பெற்றார்கள் என்பது வரலாறு. அவர்களும் கேட்டது தாங்கள் விரும்பியதை உடுத்த. அங்கம்மாள் கேட்பதும் அதுவே. 'அங்கம்மாள்' சற்று மெதுவாகச் செல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மகனை இன்னும் சற்று நல்லவனாகக் காட்டியிருந்தால் கதைக்கு வலு கூடியிருக்கும் என்பதும் எங்கள் எண்ணம். அம்மாவிடம் அன்புள்ள பிள்ளைகள்தாம் இப்படி அதிகமாகச் சொல்கிறார்கள்.

படங்களைப் பற்றிய பேச்சு இங்கே முடியவேண்டும். ஆனால் எங்கள் ஐவருள் ஒருத்தி இன்னும் சில வரி எழுதச் சொன்னாள். பெயர் வேண்டாம் என்றும் சொன்னாள். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்புப் போதும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கம்பெனியில் இடம் தயாராக இருக்கிறது. கம்பெனி வேலை இழிவானது என்று அவள் கருதவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வளர்ந்தாள். தந்தையும் தாயும் அத்தைமாரும் கூடத்தில் பேசி முடிவெடுத்தபொழுது அவள் அடுக்களையில் இருந்தாள் என்பதே அவள் மனத்தாங்கல். இம்மலர் அவள் வீட்டுக்கும் போகும். அவள் தந்தை எந்தப் பக்கத்தையும் விடாமல் படிப்பவர்.

ஐயா, தங்களுக்கு ஒரு விண்ணப்பம். 2023 இல் 'அயலி' என்றொரு தொடர் வந்தது. முத்துக்குமார் இயக்கியது. பெரியவளானதும் பள்ளியை நிறுத்தி மணம் முடித்துவிடும் ஊரில், மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி என்ற சிறுமி, தான் பெரியவளானதை மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள். நகைச்சுவையும் நிறைய உண்டு. அம்மா வேடத்தில் அனுமோல் மிக நன்றாக நடித்திருக்கிறார். குடும்பத்தோடு கூச்சமின்றிப் பார்க்கலாம். டிக்கெட் எடுக்கவேண்டியதில்லை, கைபேசியிலேயே பார்க்கலாம். மொத்தம் எட்டுப் பகுதிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.