முள் காட்டிய திருடன்

வெள்ளிக்கிழமை வந்தா எனக்குப் பல்லாவரம். எங்க ஊர் மதுராந்தகம் பக்கம், அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தால் சுமார் 60 கிலோமீட்டர். விடிகாலையில் கத்தரி, வெண்டை, நாலு வகைக் கீரை, சீசனில் முருங்கை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோம். பல்லாவரத்தில் இரண்டு அபார்ட்மெண்ட் வாசலில் விற்றுவிட்டு மதியத்துக்குள் ஊர் திரும்பிவிடுவோம். வண்டி, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். பின் சீட்டை மடக்கினால் பத்துக் கூடை நிற்கும்.

ஓட்டினது நான் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தவன். ஒரு நடைக்கு ஐந்நூறு ரூபாயும் காலை டிபனும் கொடுப்பேன். என்னைப் பெரிப்பா என்றுதான் கூப்பிடுவான். விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பணும் என்பதால் சாவி அவனிடமே இருக்கும். வண்டி நிற்பது களத்துமேட்டில், அவன் வீட்டுக்கு எதிரில்.

போன வருஷம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது டீசல் முள் பாதியில் நிற்கும். மறுநாள் சாவி போட்டால் பாதிக்கும் காலுக்கும் நடுவில் நிற்கும். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். மூன்று தடவை பார்த்தேன். ராத்திரியில் டீசல் எங்கே போகும்? ஆவியாகவா போகும்?

நாலாவது தடவை கேட்டேவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். டீக்கடையில், நாலு பேர் முன்னாடி, "டீசல் எங்கடா போவுது?" என்றேன். அவன் என்னையே பார்த்தான். "நான் எடுக்கல பெரிப்பா"ன்னு மட்டும் சொன்னான். சாவியை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அவன் வராததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். தப்பு பண்ணலன்னா ஏன் வரல என்று.

இரண்டு வாரம் கழித்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். முள் காலில் நின்றது. போய்வரப் போதும், திரும்பும்போது போட்டுக்கலாம் என்று கிளம்பினேன். பல்லாவரம் மேம்பாலத்துக்கு முன்னாடி, காலை ஆறரை மணிக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டு நடுவில் வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னாடி பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார். இரண்டு ஆட்டோக்காரத் தம்பிகள் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஒருத்தர் பானெட்டைத் திறந்து, கை பம்பை நாலு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "டீசல் இல்ல ஐயா"ன்னார். முள்ளைக் காட்டினேன். சிரித்தார்.

கேனில் ஐந்து லிட்டர் வாங்கிவந்து ஊற்றி, காற்று போக பம்ப் அடித்ததும் வண்டி கிளம்பியது. முள் அதே காலில்தான் நின்றது, ஒரு கோடு கூட ஏறவில்லை. கீரை வாடிப்போச்சு. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் போய்விட்டார்கள். அன்றைக்கு நஷ்டம் எண்ணூறு ரூபாய் இருக்கும். ஆனால் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தபோது என்னை அரித்தது அந்த எண்ணூறு இல்லை. காலி டேங்கை வைத்துக்கொண்டு கால் டேங்க் இருக்கு என்று சொல்லும் முள், இதற்கு முன்னாடி என்னிடம் என்னென்ன சொல்லியிருக்கும்?

முதலில் போன ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தொடக்கூட இல்லை. "மீட்டர் போர்டு போச்சு, மாத்திடலாம், ஒம்பதாயிரம் ஆகும்" என்றார்கள். ஒம்பதாயிரம் எனக்கு ஒரு மாசத்துக் கீரைப் பணம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஆட்டோக்காரர் வழிகாட்டி, உள் சந்தில் இருந்த வயசான மெக்கானிக் ஒருத்தரிடம் போனேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "முள்ளு பாவம் ஐயா. அதுக்குக் கீழ இருக்கவன் சொல்றதத்தான் அது சொல்லும்."

டேங்குக்குள்ளே ஒரு மிதவை இருக்கிறது. மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்பார்கள். அது ஒரு கம்பியின் நுனியில் டீசல் மேலே மிதக்கும். டீசல் ஏறினால் கம்பி ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு சின்னப் பட்டை மேல் உராய்ந்துகொண்டே நகரும். எந்த இடத்தில் தொடுகிறதோ அதைப் பொறுத்து மின்தடை மாறும். அந்த மின்தடையைத்தான் ஒயர் வழியாக முள் படிக்கிறது. மொத்தத்துக்கும் பேர் டேங்க் யூனிட். ஆக, முள் டீசலை அளப்பதே இல்லை. மிதவை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

ஏரி பார்த்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். எங்கள் மதுராந்தகம் ஏரி நிறைந்தால் 23.3 அடி. பாதி அடி நிற்கிறது என்றால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேல் அடிகளில் தண்ணீர் அகலமாகப் பரவி நிற்கும், கீழே போகப்போகச் சுருங்கும். அடியில் வண்டல் வேறு. கார் டேங்கும் சதுரப் பெட்டி இல்லை. ஆக்சிலுக்கும் சைலன்சர் குழாய்க்கும் வளைந்து கொடுத்துச் செய்தது. அதனால்தான் பல வண்டிகளில் முள் முதல் பாதிக்கு மெதுவாகவும் அடுத்த பாதிக்கு வேகமாகவும் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு பங்க்காரன் ஏமாத்திட்டான் என்று எத்தனை பேர் திட்டியிருப்போம்!

பெரியவர் சோதித்த முறையைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். பின் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, யூனிட்டுக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கினார். முள் ஒரு கோடிக்குப் போனது. ஒரு துண்டு ஒயரை வைத்து பிளக்கின் இரண்டு முனையையும் சேர்த்தார். முள் மெதுவாக மறுகோடிக்குப் போனது. "பாத்தீங்களா? மீட்டரும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு, எர்த்தும் நல்லாருக்கு. வியாதி டேங்குக்குள்ள." மாற்றச் சொன்ன ஒம்பதாயிரம் ரூபாய் போர்டு இரண்டே நிமிஷத்தில் நிரபராதி ஆகிவிட்டது.

பிறகு யூனிட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, மிதவையைக் கையால் மெல்லத் தூக்கினார். எண் சீராக மாற வேண்டும். எங்களுடையது குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. வருஷக்கணக்கில் உராய்ந்து பட்டை தேய்ந்து கறுத்திருந்தது. கம்பி சுழலும் இடமும் தளர்ந்து, கால் டேங்க் உயரத்தில் சிக்கிக்கொண்டது. புது யூனிட் 1,400 ரூபாய், கூலி 300.

பழசு கிடைத்தால் மிச்சமாகுமே என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையைப் பற்றிக் கேட்டேன். வண்டிச் சாமான்கள் குவியல் குவியலாகக் கிடக்கும் இடமாச்சே. "தாராளமா வாங்கலாம், ஆனா மல்டிமீட்டரோட போங்க. பாக்க புதுசா இருக்கறதெல்லாம் நல்லதில்ல" என்றார். எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாது. புதுசே போடச் சொல்லிவிட்டேன்.

எல்லாம் சரி, ராத்திரியில் குறைந்த டீசல்? அதையும் கேட்டேன். வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார். களத்துமேடு என்றேன். "சரிவா இருக்குமா?" இருக்கும், மூக்கு கீழே பார்த்து நிற்கும். அவ்வளவுதான் விஷயம். சரிவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை இருக்கும் பக்கம் மட்டம் இறங்கும். ஓடும்போது டீசல் அலம்புவதால் முள் ஆடாமல் இருக்க, அது மெதுவாக நகரும்படிதான் செய்திருக்கிறார்கள். சாயங்காலம் களத்தில் ஏற்றி உடனே சாவியை அணைத்தால் ரோட்டில் காட்டிய பாதியோடு முடிந்துவிடும். காலையில் சாவி போட்டதும் சரிவின் மட்டத்தைக் காட்டும். தேய்ந்த பட்டை அந்த வித்தியாசத்தை இன்னும் பெரிசாக்கிவிட்டது. யாரும் ஒரு சொட்டு எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் டேஷ்போர்டைக் குடைந்தேன். டீசல் பில் ஒன்று விடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தான் பையன். ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைய கிலோமீட்டரைப் பேனாவால் எழுதியிருந்தான். நான் சொல்லிச் செய்ததில்லை. உட்கார்ந்து கூட்டினேன். 1,452 கிலோமீட்டருக்கு 83 லிட்டர். லிட்டருக்கு பதினேழரை. யூனிட் மாற்றின பிறகு மூன்று தடவை ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் பார்த்தேன். அதே பதினேழு, பதினெட்டு. உண்மையான அளவு மூன்று மாசமாக என் முழங்காலுக்கு முன்னாடியே இருந்திருக்கிறது. நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல் போடுகிறவன் இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கணும். ஒரு கைப்பிடி நெல்லை மீட்டரில் போடுவார்கள். 19 என்று காட்டினால், "காயவெச்சு எடுத்துட்டு வா"ன்னு ஒரே வார்த்தை. மழை மிரட்டும், மூட்டை தார்ப்பாய்க்குள் கிடக்கும். இந்த மீட்டரைக் கடைசியாக எப்போ சரிபார்த்தீங்க என்று கேட்டால் முறைப்பார்கள். அந்த வரிசையில் நின்று எத்தனை தடவை வயிறு எரிந்திருக்கிறேன்! அப்படிப்பட்டவன், என் கையில் ஒரு மீட்டர் கிடைத்ததும் அதையே ஒரு பையனுக்குச் செய்தேன். மீட்டர் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அதன்மேல் சந்தேகமே வராது போல.

பல்லாவரத்தில் நின்றால் தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கும். அதிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. எரிபொருள் முள் வேலை செய்யவில்லை என்று தெரிந்தே, அளவுக்கம்பி வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் கிளப்பினார்கள். ஆனால் கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். தேவை 22,300 கிலோ, இருந்தது ஏறக்குறைய அதில் பாதி. நடுவானில் எஞ்சின்கள் நின்றன. விமானி பட்டம் போல மிதக்க விட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அதனால், கம்பி விட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. கணக்கையும் இரண்டாம் தடவை போட்டுப் பார்க்கணும்.

சிட்டியில் இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்களுக்கும் டிரைவர் இருப்பார், இல்லை ஆபீஸ் வண்டி இருக்கும். முள் சந்தேகம் கிளப்பினால் முதலில் மட்டமான தரையில் நிறுத்திப் பாருங்கள். ஃபுல் டேங்க் அடித்து, ஓடி, மறுபடி ஃபுல் அடித்து, லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். மூன்று தடவை எழுதினால் உண்மை தெரிந்துவிடும். பங்க் மேல் சந்தேகம் என்றால் அங்கேயே முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுக் குடுவை இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம்தான் மெக்கானிக். அவரும் மாற்றுவதற்கு முன்னாடி சோதிக்கிறவராக இருக்கணும். டேங்க் மூடியை நீங்களே திறக்க வேண்டாம், பெட்ரோல் வண்டியில் அது ஆபத்து. ஒயரைச் சேர்த்துப் பார்ப்பதும் எல்லாப் புது வண்டிக்கும் ஆகாது. மனுஷனைச் சந்தேகப்படுவது இந்த வரிசையில் கடைசி. அதுவும் தனியாகக் கூப்பிட்டு.

அடுத்த நாள் காலை அதே டீக்கடைக்குப் போனேன். அன்றைக்கு இருந்த நாலு பேரில் மூன்று பேர் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். பிறகு அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடமும் சொன்னேன். அந்தம்மா, "மூணு நாள் சாப்பிடல மாமா அவன்"னுச்சு. எனக்குப் பதில் வரவில்லை. பையன் திண்ணையிலிருந்து எழுந்து, "பரவால்ல பெரிப்பா" என்றான். முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

மறுபடி வண்டி ஓட்ட வரவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானே ஓட்டுகிறேன். ஒவ்வொரு பில்லின் பின்னாலும் கிலோமீட்டரை எழுதி, அவன் விட்டுப்போன அதே ரப்பர் பேண்டுக்குள் வைக்கிறேன்.