தொந்திக்கும் பந்தயமா?

சூது பல வேடம் புனைந்து வந்ததை இந்த நாடு பார்த்திருக்கிறது. குதிரை முதுகில் ஏறி வந்தது. சீட்டுக்கட்டில் ஒளிந்து வந்தது. கைப்பேசிக்குள் புகுந்து படுக்கையறை வரை வந்தது. இப்போது புதிதாக ஒரு வேடம் போட்டிருக்கிறது. வைத்தியர் வேடம்!

"உடம்பு இளைக்க வேண்டுமா? பணத்தைக் கட்டு. சொன்ன தேதிக்குள் இளைத்தால் பணம் உனக்கு, இளைக்காவிட்டால் எனக்கு" என்கிறது அந்தப் புது வைத்தியம்.

அமெரிக்காவில் இது தொழிலாகவே நடக்கிறது. 'ஹெல்திவேஜ்' என்னும் நிறுவனம் 2009-இல் தொடங்கியது. 'டயட்பெட்' என்று இன்னொன்று. நான்கு வாரத்தில் உடல் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கைக் குறைப்பதாகப் பலர் சேர்ந்து பணம் கட்டுவர். குறைத்தவர்கள் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வர். தவறியவர்கள் கைவிரித்துப் போவர். நடத்துகிறவர் தம் பங்கை எடுத்துக்கொள்வார். யார் இளைத்தாலும் இளைக்காவிட்டாலும் கொழுப்பவர் அவர் ஒருவரே!

கடல் கடந்த சரக்குத்தானே என்று நாம் வாளாவிருக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டி, "யார் இளைப்பது, பார்த்துவிடலாம்" என்று கிளம்புவதற்கு நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. ஆலை வாயிலும் தேநீர்க் கடையும் போதும். நல்ல காரியத்துக்குத்தானே என்று நம் தோழர்களும் கையை நீட்டிவிடலாம். ஆகவேதான் எழுதுகிறோம்.

தாம்பரத்துக்கு இந்தப் பேச்சு வருவதில் ஒரு விந்தை இருக்கிறது. 1928-இல் மருத்துவர் சவுரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் வந்தது அதனால்தான். எலும்புருக்கி நோயால் கூடாகிப் போனவர்கள் நல்ல காற்றையும் நல்ல உணவையும் நாடி வந்த இடம் இது. எடை ஏறுகிறதா, ஏறுகிறதா என்று மருத்துவர்கள் ஏங்கிய ஊர். அதே ஊரில் இன்று, எடை இறங்குமா, இறங்குமா என்ற ஏக்கம்!

ஏக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. தொந்தி இன்று சீமான்களின் சின்னமல்ல. பேருந்து ஓட்டுகிற தோழருக்கும், இரவு ஷிப்டில் நிற்கிற தோழருக்கும், காவல் வேலையில் உட்கார்ந்தே இரவைக் கழிக்கிற முதியவருக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே, எடையைக் குறைக்க வேண்டுமா என்பதில் நமக்கு வழக்கில்லை. வழிதான் வழக்கு.

பந்தயத்தின் பக்கம் உள்ள நியாயத்தையும் மறைக்காமல் சொல்வோம். 2008-இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. 57 பேரை மூன்று பிரிவாக்கி 16 வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் தம் பணத்தை ஈடாக வைத்தனர். இன்னொரு பிரிவினர்க்குக் குலுக்கல் பரிசு. மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் இல்லை. ஈடு வைத்தவர்கள் சராசரியாக ஆறு கிலோவுக்கு மேல் இளைத்தனர். பரிசுக்காரர்கள் ஏறக்குறைய ஆறு கிலோ. ஒன்றும் இல்லாதவர்கள் இரண்டு கிலோவுக்கும் குறைவு. "பார்த்தீர்களா, பந்தயம் பலித்தது!" என்பார்கள்.

பலித்தது உண்மை. எத்தனை நாள் பலித்தது? பணம் நின்ற பிறகு, ஏழாவது மாதத்தில் மறுபடி நிறுத்துப் பார்த்தார்கள். ஈடு வைத்தவர்களிடம் மிஞ்சிய குறைவு ஏறக்குறைய 2.8 கிலோ. எதுவும் வைக்காதவர்களுடையது 2 கிலோ. தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வித்தியாசம் சுருங்கிவிட்டது. பணம் துரத்தியவரை ஓடினார்கள். துரத்தல் நின்றது, ஓட்டமும் நின்றது. போன சதை வழி கேட்காமல் வீடு திரும்பியது!

சரி, அந்த நான்கு மாத நன்மைதான் யாருக்குக் கிடைக்கிறது? பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் வைக்கிறார்கள் என்று கொள்வோம். ஆறு பேர் வெல்கிறார்கள். தலைக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். நால்வர் இழக்கிறார்கள். யார் அந்த நால்வர்? காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பி, வீட்டுச் சோற்றை நேரத்துக்கு உண்டு, மாலையில் நடக்க நேரமும் கண்டவனா? அல்லன். வாரத்துக்கொரு ஷிப்ட் மாறுகிறவன். நள்ளிரவில் ஜி.எஸ்.டி. சாலையோரத்துப் பரோட்டாவை விட்டால் வேறு உணவு கிடைக்காதவன். தூக்கத்தைக் கூடுவாஞ்சேரிக்கும் கடற்கரைக்கும் இடையே மின்ரயிலில் தூங்கித் தீர்க்கிறவன். தோற்கப்போகிறவன் பெரும்பாலும் அவன்தான்! வசதி உள்ளவனுக்கு உடல்நலம் தந்து, கூடவே வசதி அற்றவனின் ஆயிரம் ரூபாயையும் தருகிற ஏற்பாட்டுக்குப் பெயர் வைத்தியமா?

இதைவிடக் கேடு ஒன்று உண்டு. நேற்றுவரை ஒரே மேசையில் உண்ட தோழன் இன்று போட்டிக்காரன் ஆகிறான். அவன் பரோட்டாவுக்குக் கை நீட்டும்போது, "வேண்டாமப்பா" என்று தடுக்க வேண்டிய நாக்கு, "இன்னொன்று போடுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்லத் துடிக்கிறது. தோழன் தவறினால் தனக்கு லாபம் என்று ஆன பிறகு, தோழமைக்கு அங்கே என்ன வேலை?

அடுத்து, தராசு. தராசு பொய் சொல்லாது என்பார்கள். பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையையும் சொல்லாது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் இறுதிப் போட்டிக்கு வந்தும், 50 கிலோவுக்கு 100 கிராம் கூடுதல் என்று விலக்கப்பட்டதை நாடே கண்ணீரோடு பார்த்தது. ஓர் இரவில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க அவர் ஓடினார், வியர்த்தார், தண்ணீர் தவிர்த்தார், தலைமுடியையும் வெட்டிக்கொண்டார். ஓர் இரவில் போவது கொழுப்பா? இல்லை, நீர்! ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 500 கலோரி மிச்சப்படுத்துகிறவனுக்கே அது பதினைந்து நாள் வேலை. பந்தயக்காரனுக்குப் பதினைந்து நாள் பொறுமை ஏது? நாள் நெருங்கினால் பட்டினி கிடப்பான். தண்ணீரை நிறுத்துவான். பேதி மாத்திரை தேடுவான்.

மருத்துவர் கண்காணிப்பில் இருக்கும் வீராங்கனைக்கே அந்தப் பாடு என்றால், நீரிழிவுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் தோழனின் கதி என்ன? மாத்திரையும் போட்டுப் பட்டினியும் கிடந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். வண்டி ஓட்டும்போது வரலாம். எந்திரத்தின் முன்னே நிற்கும்போது வரலாம். ஆயிரம் ரூபாய்க்காகக் கையையோ உயிரையோ கொடுப்பதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முயற்சி ஏதும் இல்லாமல் ஒருவனுக்கு எடை இறங்கிக்கொண்டே வந்தால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். நீரிழிவும் அப்படித் தொடங்கும். காசநோயும் அப்படித் தொடங்கும். அவன் பந்தயப் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கலாகாது. மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"சிறு பந்தயம்தானே, இதில் என்ன சூது?" என்று கேட்பவர் உண்டு. சிறிதாகத் தொடங்காத சூது எது? வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கினார். வென்ற பணம், மீன் விழுங்கிய தூண்டில் முள் என்றார். அந்த அதிகாரத்துக்கு அடுத்ததாக அவர் வைத்தது என்ன தெரியுமா? மருந்து! முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்றார். தொந்திக்கு வழி சொல்லவும் வள்ளுவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சூதை ஓர் அதிகாரத்திலும் மருந்தை மறு அதிகாரத்திலும் வைத்தார். இரண்டையும் ஒரே குப்பியில் ஊற்றவில்லை!

அப்படி ஊற்றிக் கொடுத்த எந்திரமும் ஒரு காலத்தில் ரயில் நிலையங்களில் நின்றது. காசு போட்டால் ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறு பக்கம் அதிர்ஷ்டம்! எடையைப் பார்த்துச் சிரித்து, அதிர்ஷ்டத்தைப் படித்து மகிழ்ந்து, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பகுத்தறிவு பேசிய நாம் அந்த அட்டையைக் கேலி செய்தோம். இன்று அதே அட்டையைப் பந்தயம் என்ற பெயரில் வாங்கிக்கொள்வதா?

சூதை எதிர்த்து இந்த இயக்கம் நடத்திய போராட்டம் சிறிதல்ல. கிண்டியில் உழைப்பாளியின் கூலி குதிரைக் குளம்படியில் தூளானதைக் கண்டு, கலைஞர் அரசு 1974-இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கண்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அது திறமையின் ஆட்டம் என்று சொல்லிவிட்டது. இணையவழிச் சூதுக்கு எதிராக 2022 அக்டோபரில் கழக ஆட்சி நிறைவேற்றிய சட்ட முன்வரைவை, 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமையின் பாற்பட்டவை என்றது. 'திறமை' என்ற குடையின் கீழ் ஒதுங்காத சூது இல்லை. நாளை எடைப் பந்தயமும் அங்கேதான் வந்து நிற்கும். "இளைப்பது திறமை அல்லவா?" என்று கேட்கும். நாம் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டாமா?

பரிசே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2013-இல் துபாய் நகராட்சி, குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் தங்கம் தருவதாக அறிவித்தது. தோற்றவன் மடியிலிருந்து ஒரு குன்றிமணியும் போகவில்லை. 2022-இல் பெங்களூரில் பங்கு வணிக நிறுவனமான ஜெரோதா, உயரத்துக்கேற்ற எடைக்கணக்கு 25-க்குக் கீழே இருக்கும் ஊழியருக்கு அரைமாதச் சம்பளம் ஊக்கத்தொகை என்றது. அந்தக் கணக்கு எல்லோர் உடம்பையும் சரியாக அளக்காது என்று கண்டனம் வந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அதன் இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். நிறுவனத்தின் மொத்தச் சராசரி 24-க்குக் கீழே வந்தால், அனைவர்க்கும் இன்னோர் அரைமாதச் சம்பளம்! அங்கே ஒருவன் இளைத்தால் மற்றவனுக்கும் நன்மை. பந்தயத்தில் ஒருவன் இளைக்காவிட்டால்தான் மற்றவனுக்கு நன்மை. எது தோழமை? எது சூது?

ஆகவே தோழர்களே, பந்தயத்தில் உள்ள நல்லவற்றை எடுத்துக்கொள்வோம். குறித்த நாள், குறித்த அளவு, கூட நாலு பேர். இந்த மூன்றும் நல்லவை. பணத்தை மட்டும் வெளியே நிறுத்துவோம்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், பெருங்களத்தூர் வட்டாரத்துக் கிளைகளும் படிப்பகங்களும் இதைச் செய்யலாம். ஒரு தராசு, ஒரு நாடா, ஒரு நோட்டு. செலவு அவ்வளவே. மாதத்தில் ஒரு ஞாயிறு வருக. எடையோடு இடுப்பையும் அளந்து எழுதுக. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்க. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை கண்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' இயக்கம், சேர்ந்து நடப்பதன் அருமையைக் காட்டியது. எட்டு வேண்டாம், சேர்ந்து இரண்டு நடந்தாலும் தொடக்கம்தான்.

கணக்கு ஒன்று சொல்கிறோம். நாளுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறுகரண்டி சர்க்கரை என்றால், மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சர்க்கரை வயிற்றுக்குள் போகிறது. அதை மட்டும் நிறுத்தினாலும், கணக்குப்படி நாற்பது நாளுக்கு ஒரு கிலோ கொழுப்புக்கு வழி அடைபடுகிறது. இதற்கு எவனிடமும் பணம் கட்ட வேண்டியதில்லை.

கடமை நமக்கு மட்டுமா? இரவு ஷிப்டுக்கு ஆள் வைக்கும் முதலாளி, இரவு உணவகத்தில் வறுத்ததையும் பொரித்ததையும் மட்டுமே வைப்பது ஏன்? சுண்டலும் காய்கறியும் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்தின் வேலை. ஷிப்ட் மாற்றத்தில் ஒழுங்கு கேட்பதும் சங்கத்தின் வேலை. 2021-இல் பிறந்த தாம்பரம் மாநகராட்சியிடம், ஏரிக்கரைகளிலும் பூங்காக்களிலும் விளக்கும் நடைபாதையும் கேட்பது கிளைகளின் வேலை. "உன் மனஉறுதி போதவில்லை, பணத்தை இழ" என்று உழைப்பாளியைக் குற்றவாளி ஆக்குகிறது பந்தயம். "உனக்கு நேரமும் நல்ல உணவும் நடக்க இடமும் வேண்டும்" என்று உரிமை கேட்கச் சொல்கிறோம் நாம்.

உடம்பு உழைப்பாளியின் முதல். முதலைச் சூதில் வைக்கிறவனை நாடு மூடன் என்று சொல்லும். அதைக் காக்கத் தோழனின் தோளைப் பற்றுங்கள். தோழனின் பணப்பையை அல்ல!