34-னு சொன்னா போதுமா?

தலைப்பைப் பார்த்துட்டு கணக்குப் பாடம்னு நினைச்சு வந்தவங்க இப்பவே கிளம்பிடலாம். ப்ரா அளவைப் பத்தித்தான் எழுதப்போறேன். முகம் சுளிக்கிறவங்களுக்கும் அதே வழிதான் :-)

நம்ம ஊர் கடையில பொண்ணுங்க கேட்கிறது ஒரே ஒரு நம்பர். "அண்ணா, 34 ஒண்ணு." அதுவும் காதுக்குள்ள சொல்ற மாதிரி. அவரும் பேப்பர்ல சுத்திக் கொடுத்துடுவார். அந்த 34 எங்கேருந்து வந்துச்சு? அம்மா குத்துமதிப்பா சொன்னதா இருக்கும், இல்லைன்னா பத்தாவது படிக்கும்போது வாங்கினது. செருப்புக்கு நாலு ஜோடி போட்டு நடந்து பார்க்கிறோம். நாள் முழுக்க உடம்போட ஒட்டி இருக்கிற துணிக்கு இவ்வளவுதானா?

நம்பர்ங்கிறது பட்டைக்கு. ஏ, பி, சி எழுத்துதான் கப்புக்கு. 1930-கள்ல அமெரிக்காவுல வந்த முறை இது. எழுத்தைச் சொல்லலைன்னா பாதி அளவுதான் சொல்லியிருக்கோம்.

வீட்டுலயே அளக்கலாம். தையல் டேப், கண்ணாடி, சாத்தின கதவு, அவ்வளவுதான். பஞ்சு வைக்காத ப்ரா போட்டுக்கோங்க. மூச்சை விட்டுட்டு மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கமா சுத்துங்க. அடுத்து மார்பு எடுப்பா இருக்கிற இடத்துல, அழுத்தாம. முதுகுப்பக்கம் டேப் இறங்கிடக் கூடாது. ரெண்டுக்கும் வித்தியாசம் 1 இஞ்ச்னா ஏ, 2 பி, 3 சி, 4 டி. கீழே 32, மேலே 35 வந்தா 32 சி. ஆனா சில கம்பெனிக்காரங்க கீழ் அளவோட 4, 5 கூட்டித்தான் நம்பர் போடுறாங்க. அதனால ரெண்டு அளவையும் எழுதி வெச்சுக்கிட்டு அந்தந்த கம்பெனி அட்டவணையோட ஒப்பிட்டுப் பாருங்க.

போட்டுப் பார்த்தாத்தான் நிஜம் தெரியும். புதுசு, ரொம்பத் தளர்வான கொக்கியில சரியா நிக்கணும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் விட்டுடும், அப்போ உள் கொக்கிக்குப் போகலாம். முதுகுல பட்டை மேலே ஏறுதுன்னா நம்பர் பெரிசு. தோள்பட்டையில தடம் விழுந்தா "பழகிடும்"னு சொல்லுவாங்க. ஏன் பழகணும்? பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டை, தோள் இல்ல. இன்னொண்ணு, 34 பி-யில கப் சரியா இருந்து பட்டை மட்டும் தளர்ந்தா 32 சி, இறுக்கினா 36 ஏ. மூணுக்கும் கப் கொள்ளளவு ஒண்ணுதான்.

இனிமே என் கோபம். "சி எல்லாம் போகாதும்மா" என்கிறார் கடைக்காரர். காமர்ஸ் படிக்கிறவ கேட்கிறேன், அது எப்படித் தெரியும்? விக்காத சரக்கு ஸ்டாக் கணக்குல வந்துடும். சரக்கு இல்லாம திரும்பிப் போனவங்க எந்தப் பேரேட்டுலயும் வர மாட்டாங்க. நாமளும் வாய் திறந்து கேட்கிறதில்ல, கொடுத்ததை வாங்கிட்டு வந்துடறோம். அவர் கணக்குல அது பி-க்கு இன்னொரு விற்பனை! சுடிதாருக்கு ட்ரையல் ரூம் வெச்ச கடையிலயே இதை மட்டும் போட்டும் பார்க்கக் கூடாது, மாத்தவும் முடியாது.

அடுத்த தடவை எழுத்தையும் சேர்த்துச் சத்தமா கேளுங்க. இல்லைன்னா அடுத்த கடை. உடம்பு எடை ஏறி இறங்கினா திரும்ப அளந்துக்கோங்க, டேப் ஒண்ணும் பெரிய விலை இல்ல.