மூணாவது பெட்ரூமுக்குக் கட்டற இஎம்ஐ யாருக்காக?

சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் ஃப்ளாட் பார்க்கறவங்ககிட்ட இந்தக் காரணத்தை அடிக்கடி கேட்கலாம்: "எங்களுக்கு டூ பிஹெச்கே போதுங்க. நாளைக்கு அப்பா அம்மா வந்து இருக்கணும்ல, அதனாலதான் த்ரீ பிஹெச்கே." நல்ல எண்ணம்தான். ஆனா வர்றேன்னு அவங்க சொன்னாங்களா?

கணக்கைப் பாருங்க. அந்த ஒரு ரூமுக்காக 25 லட்சம் கூடுதலா லோன் வாங்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. 8.5% வட்டி, 20 வருஷம். மாசம் சுமார் 21,700 ரூபாய். கோபியிலயோ காங்கேயத்துலயோ இருக்கற அப்பா அம்மா, "மாடு கன்னை விட்டுட்டு அங்க வந்து என்ன பண்றது"ன்னு தோட்டத்துலயே இருந்துட்டா, அந்த ரூம்ல துணி காயப்போடற ஸ்டாண்டுதான் நிக்கும்.

இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2017-18ல மும்பை ஐஐபிஎஸ், ஹார்வர்டு எல்லாம் சேர்ந்து 45 வயசுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேர்கிட்ட 'லாசி'ங்கற ஆய்வை நடத்துனாங்க. அதுல 60 வயசு தாண்டினவங்கள்ல சுமார் 20% பேர் பிள்ளைங்க கூட இல்லாம கணவன் மனைவியா இருக்காங்க. 6% பேர் தன்னந்தனியா. தமிழ்நாட்டுல 2021ல 13.6% ஆக இருந்த முதியோர் பங்கு, 2031ல 18.2% ஆகும்னு மத்திய அரசோட அறிக்கை கணிக்குது.

நம்ம கொங்குப் பகுதியில இதுக்கு இன்னொரு முகம் இருக்கு. தோட்டத்து வீடுன்னா பக்கத்து வீடே கூப்பிடு தூரத்துல இருக்காது. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துலயும், 2025ல சிவகிரி பக்கத்துலயும் தோட்டத்து வீட்ல நடந்த கொலைகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். உடனே நமக்குத் தோணறது சிசிடிவி. வேணும்தான். ஆனா கேமரா மாத்திரை எடுத்துக் கொடுக்காது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா கை கொடுத்துத் தூக்காது.

என் கருத்து இதுதான்: வீடு வேற, பராமரிப்பு வேற. வீட்டுக்கு லோன் கிடைக்கும், பராமரிப்புக்குக் கிடைக்காது. ஹெல்த் இன்சூரன்ஸ் பொதுவா ஆஸ்பத்திரி பில்லைத்தான் பார்க்கும். வீட்டுக்கு வர்ற அட்டெண்டர் சம்பளத்தை மாசாமாசம் நாமதான் கொடுக்கணும். ஜப்பான்ல 2000ல இருந்து இதுக்குன்னே தனி இன்சூரன்ஸ் இருக்கு. 40 வயசுல இருந்து எல்லாரும் பிரீமியம் கட்டறாங்க. நம்ம ஊர்ல அந்த வேலையை மகளோ மருமகளோ வேலையை விட்டுட்டு செய்யறாங்க. அந்தச் சம்பள இழப்பை யாரும் எக்செல்ல போடறதில்ல.

அதனால லோனுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி மூணு வேலை செய்யுங்க.

ஒண்ணு, அப்பா அம்மாகிட்ட நேரா கேளுங்க: "உங்களுக்கு எங்க இருக்க இஷ்டம்?" தோட்டம்தான்னா, முதல் செலவு அங்கதான். பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், வாசல்ல லைட், பகல்ல வந்துபோக ஒரு ஆள்.

ரெண்டு, அவங்க பேர்ல தனி ஃபண்ட். மாசம் 5,000 எஸ்ஐபி, 10% வருமானம்னு வெச்சா, 15 வருஷத்துல சுமார் 20.7 லட்சம். பெரிய தொகைன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு 20,000 ஆகற அட்டெண்டர் செலவு, 6% விலைவாசி உயர்வுல அப்போ 48,000 ஆகியிருக்கும். அப்படிப் பார்த்தா மூணரை வருஷத்துக்குத்தான் வரும். அதனால அண்ணன், தங்கச்சி எல்லாரும் சேர்ந்து போடுங்க.

மூணு, தோட்டத்தை அவங்க பேர்லயே விடுங்க. கடைசி வரைக்கும் அவங்களுக்குப் பிடிமானம் அதுதான். பார்த்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கலைன்னா ரத்து பண்ண 2007 முதியோர் பராமரிப்புச் சட்டத்தோட 23ஆவது பிரிவு வழி கொடுக்குது. ஆனா அப்பா அம்மாவை அந்த வாசல் வரைக்கும் ஏன் நடக்க வைக்கணும்?

வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் இருக்கற முதியோர் குடியிருப்பை யோசிக்கறவங்களும் இருப்பீங்க. தப்பே இல்ல. கிளப் ஹவுஸைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "படுத்த படுக்கையானா யார் பார்ப்பாங்க, மாசம் எவ்வளவு?" பதிலை எழுத்துல வாங்குங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறீங்கன்னா, ஃப்ளாட் பிரவுச்சரை எடுத்துட்டுப் போகாதீங்க. முதல்ல அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு வாங்க.