200 யூனிட் இலவசம்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் பில் வருது? மைசூரு அக்ரஹாரத்தில் ஒரு மின்கணக்கு

மைசூரு அக்ரஹாரத்தில், நூற்றொன்று கணபதி கோயில் பக்கத்தில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டிலும் நான்கு பேர். இந்த மாதம் இரண்டு வீட்டு மீட்டரும் ஓடியது சரியாக 120 யூனிட். ரீடிங் எடுக்க வந்தவர் கையிலிருக்கும் மெஷினில் இருந்து இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். ஒரு வீட்டுக்குப் பூஜ்யம். இன்னொரு வீட்டுக்குச் சுமார் 290 ரூபாய்.

'மீட்டர்ல ஏதோ கோளாறு' என்றுதான் முதலில் தோன்றும். கோளாறு எதுவும் இல்லை. கர்நாடக அரசின் 'கிருஹ ஜோதி' திட்டம் போட்டிருக்கும் கணக்கே அப்படித்தான். அந்தக் கணக்கு புரியாமல் வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கிளம்பினால், எங்கே மிச்சம் பிடிப்பது, அதனால் நமக்கு என்ன லாபம் என்பது கடைசி வரை பிடிபடாது.

200 யூனிட் எல்லோருக்கும் இல்லையா?

இல்லை. 2023 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் கொடுத்த ஐந்து வாக்குறுதிகளில் இது ஒன்று. அந்த ஆண்டு ஜூலை மாதப் பயன்பாட்டிலிருந்து, அதாவது ஆகஸ்டில் வந்த பில்லிலிருந்து, நடைமுறைக்கு வந்தது. மேடையில் கேட்டது '200 யூனிட் இலவசம்'. அரசாணையில் இருப்பது வேறு. 2022-23 நிதியாண்டில் உங்கள் வீடு மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு செலவழித்ததோ, அதோடு 10 சதவீதம் சேர்த்து வருவதுதான் உங்களுக்கான இலவச அளவு. 200 என்பது உச்சவரம்பு மட்டுமே.

இப்போது அந்த இரண்டு வீடுகளுக்குத் திரும்பலாம். முதல் வீட்டின் 2022-23 சராசரி 170 யூனிட். அதனால் அவர்களுக்கு இலவசம் 187. இரண்டாவது வீட்டின் சராசரி 70. அவர்களுக்கு இலவசம் 77. இரு வீடும் 120 யூனிட் செலவழித்தால், முதல் வீட்டுக்குப் பைசா கிடையாது. இரண்டாவது வீடு கூடுதலான 43 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். ஒரு யூனிட் 5 ரூபாய் 80 காசு, ஓய்வூதியத்துக்கான கூடுதல் கட்டணம் 36 காசு, 9 சதவீத மின்வரி எல்லாம் சேர்த்தால் அந்த 290 வந்துவிடும் (2025-26 கட்டணப்படி).

அப்போது சிக்கனமாக இருந்த வீடு இப்போது கட்டுகிறது. அப்போது தாராளமாக எரித்த வீடு இப்போதும் இலவசமாக எரிக்கிறது. இந்தத் திட்டத்தில் என் கண்ணை உறுத்துவது இதுதான்.

அரசுத் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் நேராக 200 யூனிட் என்று அறிவித்திருந்தால், 70 யூனிட் ஓட்டிய வீடுகூட 'சும்மாதானே வருது' என்று 190-க்குப் போயிருக்கும். திட்டத்தில் பதிவு செய்த வீடுகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியதே 10,100 கோடி ரூபாய். பழைய சராசரியைக் கடிவாளமாகப் போட்டதால்தான் செலவு அந்த அளவில் நிற்கிறது. ஆனால் வீடு என்பது 2023 மார்ச்சிலேயே உறைந்து நின்றுவிடுவதில்லையே. குழந்தை பிறக்கிறது, ஊரிலிருந்து வயதான அம்மா அப்பா வந்து சேர்கிறார்கள், ஒருவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிறது. சராசரி மட்டும் அப்படியே இருக்கிறது.

201-வது யூனிட்டின் விலை

இலவச அளவைத் தாண்டி 200-க்குள் நின்றால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டினால் போதும். 200-ஐத் தாண்டினால் அந்த மாதத்துக்கு இலவசமே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து முழு பில்.

200 யூனிட் வரை தகுதியுள்ள ஒரு வீடு, இரண்டு கிலோவாட் இணைப்பு என்று எடுத்துக்கொள்வோம். 200-ல் நின்றால் பூஜ்யம். 201 ஆனால் மின்கட்டணம், கூடுதல் கட்டணம், வரி, கிலோவாட்டுக்கு 145 ரூபாய் வீதம் நிலைக்கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,600 ரூபாயைத் தாண்டும். அந்த ஒரே யூனிட்டுக்கான விலை இது. மின்வெட்டு இல்லாத மாதத்தில், ஒரு ராத்திரி கீஸரை அணைக்க மறந்தால் போதும்.

இன்னொரு மாற்றத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023-24 வரை கர்நாடகத்தில் 100 யூனிட்டுக்குள் ஒரு விலை, அதைத் தாண்டினால் கூடுதல் விலை என்று இருந்தது. 2024 ஏப்ரலில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்தப் படியை எடுத்துவிட்டு, வீடுகளுக்கு ஒரே விலை என்று ஆக்கியது. அதனால் 250 யூனிட் ஓட்டும் வீட்டுக்கும் 600 யூனிட் ஓட்டும் வீட்டுக்கும் யூனிட் விலை ஒன்றுதான். 'அதிகம் எரித்தால் அதிக விலை' என்று சொல்லிக்கொண்டிருந்த கட்டணப் பட்டியல் இப்போது அப்படிச் சொல்வதில்லை. மிஞ்சியிருக்கும் ஒரே படி, கிருஹ ஜோதியின் அந்த 200-தான். அதுவும் படி இல்லை, பள்ளம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். அங்கே 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். ஆயிரம் யூனிட் ஓட்டினாலும் அந்த 100 போகாது. 500-ஐத் தாண்டும்போது 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலை மட்டும் கைவிட்டுப் போகும். டெல்லியில் 200 வரை பூஜ்யம், 400 வரை பாதி மானியம். அங்கே விழுவது படிப்படியாக. கர்நாடகத்தில் ஒரேயடியாக.

மாதத்துக்கு மூன்று தடவை மீட்டரைப் பாருங்கள்

மைசூருவுக்கு மின்சாரம் வழங்குவது சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகம், சுருக்கமாக செஸ்க். பில் மாதாமாதம் வருகிறது. பில் வந்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை, அந்த மாதம் முடிந்துபோன கதை. ரீடிங் எடுத்த நாளில் மீட்டரில் இருந்த எண் பில்லிலேயே இருக்கும். அதிலிருந்து பத்தாவது நாளும் இருபதாவது நாளும் நீங்களே ஒரு தடவை எட்டிப்பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் சரி. திரையில் பல எண்கள் மாறி மாறி வரும், கிலோவாட் அவர் என்ற குறியோடு வருவதுதான் யூனிட்.

பத்து நாளில் 72 யூனிட் ஓடியிருந்தால், இதே வேகத்தில் மாதம் 216. இன்னும் இருபது நாள் கையில் இருக்கிறது, அதற்குள் 16 யூனிட்டைக் குறைத்தால் முழு பில் தப்பும். 200-க்கான வேகம் நாளைக்கு ஆறரை யூனிட்டுக்குச் சற்று மேல். 77 யூனிட் வீட்டுக்கு அதுவே இரண்டரை.

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அதுவும் கணக்குக்கு உதவும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பில் அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3,200. அப்படியென்றால் ஒரு நிமிடத்தில் 40 தடவை சிமிட்டினால், அந்த நேரத்தில் வீடு இழுப்பது 750 வாட். ஒவ்வொரு சாமானாகப் போட்டும் அணைத்தும் எண்ணினால் எது எவ்வளவு குடிக்கிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும், தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டுகிறதா? இன்வெர்ட்டர், வைஃபை மோடம், செட்-டாப் பாக்ஸ் எதையாவது மறந்திருப்பீர்கள். ஒரு செட்-டாப் பாக்ஸ் 10 வாட் எடுத்தால்கூட, நாள் முழுக்க ஓடி மாதத்துக்கு 7 யூனிட். அவற்றையும் பிடுங்கிய பிறகும் விளக்கு நிற்கவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அக்ரஹாரம் மாதிரிப் பழைய பகுதிகளில் வீடும் பழசு, வயரிங்கும் பழசு. கசிவு இருக்கலாம், பக்கத்துப் போர்ஷனின் லைன் உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம்.

மைசூருவில் பெரிய செலவு எது?

சென்னையில் இந்தக் கேள்விக்குப் பதில் ஏசி. மைசூருவின் குளிருக்கு ஏசி இல்லாத வீடுகளே ஏராளம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது வெந்நீர்.

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க அரை யூனிட் மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பெனி கீஸராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, இது இயற்பியல். நான்கு பேர் ஆளுக்கொரு டேங்க் என்று குளித்தால் நாளைக்கு இரண்டு யூனிட், மாதத்துக்கு 60. நம் இரண்டாவது வீட்டின் இலவச அளவே 77 என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மைசூரு வீடுகளில் செம்பு அண்டாவில் விறகு போட்டுத்தான் வெந்நீர். 2023 வரை அண்டாவிலோ கேஸிலோ தண்ணீர் காய்ச்சிவிட்டு அதற்குப் பிறகு கீஸர் மாட்டிய வீட்டுக்கு, இலவச அளவில் முக்கால் பங்குக்கு மேல் குளியலறையிலேயே போய்விடும். சூரிய வெந்நீர் தொட்டி இந்தச் செலவை வருடத்தின் பெரும்பகுதி நாட்களில் அப்படியே எடுத்துவிடுகிறது. அது முடியாதவர்கள், குளிக்கப் போகும் முன் போட்டு உடனே அணைப்பது, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிடுவது, இரண்டையும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி மோட்டார் வைத்த புது ஃபேன் 30 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். இரண்டு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் மாற்றியதில் மாதம் 32 யூனிட் மிச்சம். பல்பு கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது, எல்இடி வராத வீடு இப்போது குறைவு. ஃப்ரிட்ஜை மாற்றும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், அதே ஸ்டிக்கரில் இருக்கும் 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்ற எண்ணைப் பாருங்கள்.

மிச்சப்படுத்தினால் யாருக்கு லாபம்?

அந்த ஃபேனையே எடுத்துக்கொள்ளலாம். 77 யூனிட் வீடு மாற்றினால் மாதம் 210 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஃபேன் ஓடும் மாதங்களில். வாங்கிய காசு சில வருடங்களில் திரும்பிவிடும். 187 யூனிட் வீடு அதே ஃபேனை மாற்றினால்? 120 என்பது 88 ஆகும். பில் அப்போதும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். அவர்கள் எதற்குக் கடைக்குப் போக வேண்டும்?

கூரையில் சோலார் போடும் கணக்கும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. 2024-ல் ஒன்றிய அரசு தொடங்கிய 'பிரதமர் சூர்ய கர்' திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட் வரை மொத்தம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் மாதாமாதம் பூஜ்ய பில் வாங்கும் வீட்டுக்காரர் மீதிக் காசைக் கையிலிருந்து போட ஒரு காரணம் வேண்டுமே. ஒரு அரசின் இலவசம் இன்னொரு அரசின் மானியத்தை மெல்லத் தின்கிறது.

இதற்கு மாற்றே இல்லை என்று சொல்ல முடியாது. பஞ்சாபில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அங்கே 2018-ல் 'பானி பச்சாவோ, பைசே கமாவோ' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒதுக்கிய அளவுக்குள் விவசாயி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் போடப்பட்டது. கிருஹ ஜோதியில் 187 யூனிட் தகுதியுள்ள வீடு 120-ல் நின்றால், மிச்சமான 67 யூனிட்டுக்கு யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலே மாதம் 67 ரூபாய். அரசுக்கு மிச்சமாவது அதைவிடப் பல மடங்கு.

வாடகை வீட்டில் இருந்தால்?

இதைப் பலர் கவனிப்பதில்லை, குறிப்பாக வேலைக்கோ படிப்புக்கோ மைசூருவுக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள். சலுகை ஒரு ஆளுக்கு ஒரு இணைப்புக்கு மட்டும். பில்லில் இருக்கும் ஆர்.ஆர். எண்ணோடு உங்கள் ஆதார் இணைக்கப்பட்டிருக்கும். வீடு மாறும்போது பழைய வீட்டின் இணைப்பைத் துண்டித்தால்தான் புது வீட்டில் பதிவு செய்ய முடியும். அந்த வசதி 2024 முதல் 'சேவா சிந்து' இணையதளத்தில் இருக்கிறது. பழைய பயன்பாட்டுக் கணக்கே இல்லாத புது வீடு என்றால், மாநிலச் சராசரி 53 யூனிட், அதோடு 10 சதவீதம், ஆக 58 யூனிட்தான் இலவசம்.

ஒண்டுக்குடித்தனங்களின் நிலைமை இன்னும் மோசம். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால், ஆளுக்கு 70 யூனிட் ஓட்டினாலும் மொத்தம் 210. மூன்று சிக்கனமான குடும்பங்கள் சேர்ந்து ஒரு முழு பில் கட்டுகின்றன. வாடகைக்குப் போகும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதோடு, மீட்டர் தனியா, அதன் தகுதி யூனிட் எவ்வளவு என்றும் வீட்டு ஓனரிடம் கேட்டுவிடுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், ஆர்.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டு செஸ்க் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.