கண்ணுக்குத் தெரியாத பயிர்

வேடந்தாங்கல் ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு எருச் செலவு குறைவு. மதுராந்தகம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்களுக்கு இது தெரிந்த விஷயம். பறவைகளின் எச்சத்திலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் கரைகின்றன. அந்தச் சத்தைக் கொண்டு ஏரிக்குள்ளேயே ஒரு பயிர் விளைகிறது. விஞ்ஞானிகள் அதைப் பிளாங்க்டன், அதாவது மிதவை உயிர்கள் என்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைக்கின்றன. பாசியைச் சிறு நீர்ப்பூச்சி தின்கிறது. பூச்சியை மீன்குஞ்சு தின்கிறது. மீனை நாரை தின்கிறது. எச்சம் மறுபடியும் ஏரிக்கே வருகிறது. மதகைத் திறந்தால் அந்தச் சத்து வயலுக்கும் போகிறது.

இந்த உண்மையை நம் முன்னோர் மைக்ராஸ்கோப் இல்லாமலே அறிந்திருந்தார்கள். 1790-களில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் மக்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். 2022-ல் அதே ஏரி ராம்சார் சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றது.

பல இன மிதவை உயிர்கள் சேர்ந்து வாழ்வதே ஏரியின் பலம். ஓர் இனம் மங்கினால் இன்னொன்று தழைக்கும். மீனுக்கு இரை அறாது. ஆனால் சாக்கடை ஓயாமல் கலந்தால் நீலப்பச்சைப் பாசி ஏரியை ஆக்கிரமித்து மற்றவற்றை ஒடுக்கிவிடும். அதில் சில இனங்கள் நஞ்சு உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாட்டுக்கும் ஆபத்து. பாசி செத்து அழுகினால் பிராணவாயு தீர்ந்து, விடியும்போது மீன்கள் செத்து மிதக்கும். செங்கற்பட்டு கொளவாய் ஏரியில் நகரத்துச் சாக்கடை கலக்கிறது என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கூக்குரலிட்டு வந்திருக்கிறார்கள்.

ஏரி கெட்டால் வசதியுள்ளவர் புட்டித் தண்ணீர் வாங்குவார். சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணுக்கு வேறு தண்ணீர் ஏது?

1984-ல் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் இதே ஜில்லாவில்தான் இருக்கிறது. விஞ்ஞானத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஆகவே நாம் கோருவது இதுதான்: ஏரிகளின் தண்ணீரைப் பருவந்தோறும் பரிசோதிக்க வேண்டும். எந்தப் பாசி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாமரருக்கும் புரியும் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். சுத்திகரிக்காத ஒரு சொட்டுச் சாக்கடைகூட ஏரிக்குள் இறங்கக் கூடாது.

கழிவுக் குழாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். தண்ணீர் எப்போது நிறம் மாறியது என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து கிராம சபையில் எழுந்து பேசினால் எந்த அதிகாரியும் மழுப்ப முடியாது. பேசுவோம், தோழர்களே!